ஏழு கிலோவுக்குள் மலேசியா, சிங்கப்பூர்

கேள்வி: எனக்கு 54 வயது, கணவருக்கு 60. திருச்சியிலிருந்து ஏர் ஏசியாவில் கோலாலம்பூர் போகிறோம். பினாங்கு பார்த்துவிட்டு பஸ்ஸில் சிங்கப்பூர், அங்கிருந்து ஸ்கூட் விமானத்தில் திரும்பவும் திருச்சி. மொத்தம் 10 நாள். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று லக்கேஜ் சேர்க்காமல் எடுத்துவிட்டோம். கையில் 7 கிலோதான் கொண்டுபோகலாம் என்கிறார்கள். கணவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் மகள் கைமுறுக்கு, மாவடு, மிளகாய்ப்பொடி, கசகசா என்று ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறாள். 7 கிலோவில் சமாளிக்க முடியுமா, பணம் கட்டி லக்கேஜ் சேர்த்துவிடலாமா? போகிற இடத்தில் செலவை எப்படிக் குறைப்பது? — தஞ்சாவூர் வாசகி

பதில்:

சகோதரிக்கு வணக்கம். சமாளிக்கலாம். போகும்போது லக்கேஜ் சேர்க்கவே வேண்டாம். ஏதாவது வாங்கிவர நினைத்தால், திரும்பி வரும் ஸ்கூட் டிக்கெட்டில் ஒருவர் பேரில் மட்டும் 20 கிலோ சேருங்கள். அதையும் இணையத்தில் முன்கூட்டியே செய்துவிடுங்கள். விமான நிலையக் கவுன்டரில் கேட்டால் அதே எடைக்குப் பல மடங்கு கேட்பார்கள்.

லக்கேஜ் கட்டணத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. உங்கள் பாதையைக் கொஞ்சம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள், அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், படகில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன், மறுபடி பஸ். ஜொகூர் பாலத்தில் மலேசியக் குடிநுழைவுச் சாவடியில் எல்லா மூட்டையோடும் இறங்கி, ஏறி, ஒரு கிலோமீட்டர் தாண்டி சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் மறுபடி எல்லா மூட்டையோடும் இறங்க வேண்டும். பஸ்ஸில் பையை விட்டுவிட்டுப் போக முடியாது. முதுகில் 6 கிலோ என்றால் இதையெல்லாம் சாதாரணமாகச் செய்துவிடலாம். ஆளுக்கு 20 கிலோ பெட்டி இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் டாக்சியைத் தேடுவீர்கள், நிலையத்துக்குப் பக்கத்தில் என்று விலை கூடின அறையை எடுப்பீர்கள். மலிவான டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் இப்படித்தான் கரைந்துபோகிறது.

முதலில் விதி. ஏர் ஏசியாவில் ஆளுக்கு இரண்டு உருப்படி: ஒரு பை 56 × 36 × 23 செ.மீ., ஒரு சின்னப் பை 40 × 30 × 10 செ.மீ. இரண்டும் சேர்ந்துதான் 7 கிலோ. பையின் கைப்பிடி, சக்கரம் எல்லாம் அந்த 56-க்குள் அடக்கம். ஸ்கூட்டில் இரண்டும் சேர்ந்து 10 கிலோ. உங்கள் பயணத்தில் குறைந்த அளவு எதுவோ அதுதான் கணக்கு, ஆகவே 7. 'நாங்கள் இருவர், மொத்தம் 14, எனக்கு 8 அவருக்கு 6' என்ற பேச்சு கவுன்டரில் எடுபடாது. ஒவ்வொரு பையும் தனித்தனியாக 7-க்குள் இருக்க வேண்டும். இணையத்தில் செக்-இன் செய்திருந்தாலும் ஆவணம் பார்க்கக் கவுன்டருக்கு வரச் சொல்வார்கள், எடையும் அங்கேயே பார்க்கப்படும். விமானம் ஏறும் வாசலில் இன்னொரு முறை நிறுத்துவதும் உண்டு. பலர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது இடத்தில்தான். கழுத்துத் தலையணை, தண்ணீர் பாட்டில், உள்ளே கடையில் வாங்கிய பொருள் எல்லாம் அதற்குள் சேர்ந்திருக்கும்.

வீட்டில் 6 கிலோவுக்கு நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் ஒரு கிலோவைத் தொடாதீர்கள். குளியலறைத் தராசில் பையோடு ஏறி, பையில்லாமல் ஏறி வித்தியாசம் பார்ப்பது தோராயத்துக்குச் சரி, அரைக் கிலோ முன்னே பின்னே காட்டும். கொக்கி போட்டுத் தொங்கவிடும் கைத்தராசு சில நூறு ரூபாய்தான், வாங்கிவிடுங்கள். துணி, டப்பா போன்ற சின்னச் சாமான்களைத் தெரிந்த மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எது எவ்வளவு கனம் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் எதை விடுவது என்ற குழப்பமே வராது.

எடையில் முதல் எதிரி பையேதான். கடையில் 'கேபின் சைஸ்' என்று விற்கும் சக்கரப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விடும். உள்ளே கம்பிச் சட்டம் இல்லாத, 35 முதல் 40 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை ஒரு கிலோவுக்குள் கிடைக்கும். இடுப்பில் கட்டும் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். இருவரில் யாருக்காவது முதுகுவலி, தோள்வலி இருந்தால் அவருக்கு மட்டும் 2 கிலோவுக்குக் குறைந்த துணிச் சக்கரப் பை போதும், மற்றவர் முதுகுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் பைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பை 900 கிராம். மெல்லிய பருத்தி அல்லது ரேயான் சுடிதார் மூன்று செட் 1,200. உள்ளாடை 400. நைட்டி 250. சால்வை 200. ஈரிழைத் துண்டு ஒன்று 180. ரப்பர் செருப்பு 300. சோப்பு, பற்பசை, எண்ணெய் எல்லாம் சேர்த்து 500. மாத்திரைகள் 300. சார்ஜர், பவர் பேங்க், பிளக் 470. மடிக்கும் குடை 250. ஆவணக் கோப்பு 250. கூட்டினால் 5,200 கிராம். தின்பண்டத்துக்கு அரைக் கிலோ போட்டாலும் 5,700. உடுத்திக்கொண்டு போவது இந்தக் கணக்கில் வராது. ஆகவே கனமான சுடிதாரும் ஷூவும் உடம்பில், லேசானவை பைக்குள். புடவைதான் கட்டுவேன் என்றால் பாலியெஸ்டர் கலந்த லேசான புடவை மூன்று எடுங்கள், பட்டு வேண்டாம். ஒரு பட்டுப்புடவை ரவிக்கை, உள்பாவாடையோடு ஒரு கிலோவைத் தொட்டுவிடும். கணவருக்கு ஜீன்ஸ் வேண்டாம்: ஒன்று முக்கால் கிலோ வரை கனக்கும், அந்த ஊர்ப் புழுக்கத்தில் காயவும் காயாது.

துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. டர்க்கி டவல் அரைக் கிலோவுக்கு மேல், நனைந்தால் ஒரு நாள் முழுக்க ஈரம். நம் ஈரிழைத் துண்டு பிழிந்து விரித்தால் மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரத்தில் காயும். தலை துவட்ட, தோளில் போட, பஸ் ஏ.சி.க்குப் போர்த்த, கோயிலில் இடுப்பில் கட்ட எல்லாவற்றுக்கும் அதே துண்டு. பயணத்துக்கென்று விலை கொடுத்து வாங்கும் எந்தத் துண்டும் இதைவிட ஒசத்தி இல்லை.

மூன்று செட்டில் 10 நாள் எப்படி என்று கேட்பீர்கள். நடுவில் ஒருமுறை துவைப்பதுதான் வழி. மலேசியாவில் தெருவுக்குத் தெரு தானியங்கிச் சலவைக் கடை இருக்கிறது. பலகையில் 'டோபி' என்றே எழுதியிருக்கும். நம் 'டோபி' அங்கே போய் மலாய் வார்த்தையாகிவிட்டது. இருவர் துணியையும் ஒரே இயந்திரத்தில் போட்டு, காயவும் வைத்து எடுக்க சில ரிங்கிட்தான் (மலேசியப் பணம்) செலவு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட ஆகும். ஹோட்டலில் உருப்படிக் கணக்கில் கொடுத்தால் பல மடங்கு. பினாங்கில் இரண்டாம் நாள் இதை வைத்துக்கொண்டால் சிங்கப்பூருக்கு எல்லாம் சுத்தமாகப் போகும்.

திரவம், பசை எதுவானாலும் ஒவ்வொரு பாட்டிலும் 100 மி.லி.க்கு மேல் கூடாது. எல்லாம் ஒரு லிட்டர் அளவுள்ள மூடக்கூடிய கண்ணாடி போன்ற பையில் அடங்க வேண்டும். பாட்டிலில் அச்சிட்ட அளவைத்தான் பார்ப்பார்கள். 200 மி.லி. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கால்வாசிதான் இருக்கிறது என்றாலும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஷாம்புவுக்குச் சின்ன சாஷே போதும். பவர் பேங்க் கையில்தான் போக வேண்டும். அளவு 100 வாட்-மணிக்குள், 10,000 எம்.ஏ.எச். என்றால் 37 வாட்-மணி, 20,000 என்றால் 74. எழுத்து அழிந்த பழைய பவர் பேங்க் வேண்டாம், அளவு தெரியாவிட்டால் வாங்கி வைத்துவிடுவார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்த இரண்டு விமானங்களிலும் பறக்கும்போது அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே போனை ஏறுவதற்கு முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் மின்சாரம் நம் ஊர் அளவுதான். ஓட்டை மட்டும் வேறு: மூன்று சதுர முனை உள்ள ஆங்கிலேயர் பிளக். மாற்றுப் பிளக் ஒன்று, கூடவே இரண்டு போனையும் ஒரே நேரத்தில் ஏற்றும் சார்ஜர் ஒன்று, போதும்.

இன்சுலின் விஷயத்தில்தான் அவசரப்படக் கூடாது. பேனாவும் ஊசியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். 100 மி.லி. விதி மருந்துக்கு இல்லை. ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும், ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப் பெயரோடு. 10 நாள் பயணத்துக்கு 15 நாள் மருந்து எடுத்து, பாதி உங்கள் பையிலும் பாதி அவர் பையிலும் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மருந்து தொலையக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். சரியான நாள் கணக்கு மருந்தோடு வரும் தாளில் இருக்கும். ஆனால் கோலாலம்பூர் மதியம் 33 டிகிரி. தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்பை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, ஐஸ் வேண்டியதில்லை, அது போதும். திறக்காத பேனாவை அறை ஃபிரிட்ஜில் வைத்தால் உறைவிப்பான் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பயன்படுத்திய ஊசிக்குக் கெட்டியான சின்ன டப்பா ஒன்று. கொஞ்சம் கற்கண்டோ குளுக்கோஸ் மாத்திரையோ அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்; எல்லைச் சாவடி வரிசையில் சாப்பாட்டு நேரம் தவறிப்போகும். அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடுகிறவர் என்றால் எந்த மணிக்குப் போடுவது என்று கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாத்திரைகளில் இன்னொன்று. சிங்கப்பூருக்குச் சொந்த உபயோக மருந்து மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். ஆனால் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து இரண்டுக்கும் அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். தூக்கத்துக்கு ஒன்று என்று வீட்டில் யாராவது பையில் போட்டுவிடுவார்கள். பட்டியல் போட்டுச் சரிபாருங்கள்.

ஆவணம். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முகவர் கூலி தனி. இரண்டு முகவரிடம் விலை கேளுங்கள். திருச்சிக் கவுன்டரில் 'மலேசியாவிலிருந்து திரும்பும் டிக்கெட் எங்கே' என்று நிச்சயம் கேட்பார்கள். உங்களிடம் அது இல்லை; சிங்கப்பூர் விசாவையும் சிங்கப்பூர்–திருச்சி டிக்கெட்டையும் அச்செடுத்துச் சேர்த்து நீட்டுங்கள். விசா கைக்கு வராமல் கிளம்பாதீர்கள். இரண்டு நாட்டுக்கும் மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும், வந்திறங்கும் நாளுக்கு மூன்று நாளுக்குள். இரண்டுமே இலவசம். பணம் கேட்கிற இணையதளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். சிங்கப்பூர் அட்டையைப் பினாங்கில் இருக்கும்போது நிரப்ப வேண்டிவரும் என்பதை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

இனி அங்கே ஆகும் செலவு. விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் ஒருவருக்கு 55 ரிங்கிட், பஸ் 15 ரிங்கிட் அளவில். பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், ரயில் அரை மணி சொச்சம். பலர் கவனிக்காத ஒன்று: இரண்டு பேர் என்றால் ரயிலுக்கு 110 ஆகிறது, செயலியில் கூப்பிடும் கிராப் கார் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வரும். பகலில் இறங்கினால் பஸ், நள்ளிரவில் இறங்கினால் கிராப். தங்க பிரிக்ஃபீல்ட்ஸ் பாருங்கள், கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம், சைவச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கேயே, பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலும் அங்கிருந்தே. கட்டணம் மிகச் சொற்பம். பத்துமலைக்கு டாக்சி பேசுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். 272 படி இருக்கிறது, வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள்.

அறை வாடகையோடு வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். இணையத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் இது சேராது, வரவேற்பில் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, 2017-லிருந்து உள்ள வரி.

பட்டர்வொர்த் ரயிலுக்கு வார இறுதியில் இடம் கிடைக்காது, ஊரிலிருந்தே எடுத்துவிடுங்கள். சுமார் நாலு மணி நேரப் பயணம். ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம், படகுக்கு ஓரிரு ரிங்கிட். பினாங்கு பஸ்ஸில் ஓட்டுநர் சில்லறை தரமாட்டார், ஒற்றை ரிங்கிட் நோட்டுகளைச் சேர்த்து வையுங்கள். சாப்பாட்டில் நீங்கள் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: சம்பால் என்கிற மிளகாய் விழுதில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சாதத்தில் நெத்திலி இருக்கும். காய்கறிதானே என்று நம்பி வாங்காமல் கேட்டு வாங்குங்கள்.

பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு பஸ்ஸில் வந்தால் ஓர் அறை வாடகை மிச்சம். ஆனால் கிளம்பும் நேரத்தைப் பார்த்து எடுங்கள். வேலை நாளில் விடியற்காலை 5 முதல் 8 மணிக்குள் ஜொகூர் சாவடிக்கு வரும் பஸ் வேண்டாம்; மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் அதே நேரத்தில் கடக்கிறார்கள். சாவடியில் இறங்கும்போது உங்கள் பஸ்ஸின் எண்ணை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் பஸ் காத்திருக்காமல் போகலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சிங்கப்பூர் அறை விலைக்குப் பயந்து ஜொகூரிலேயே தங்கி தினம் போய்வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இரண்டு மூன்று நாளுக்கு அது ஒத்துவராது. நாளுக்கு மூன்று நாலு மணி நேரம் வரிசையில் போய்விடும், ஒவ்வொரு முறை மலேசியா திரும்பவும் புது வருகை அட்டை வேறு. இன்சுலின் போடுகிறவரை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

சிங்கப்பூர் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம், தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் அட்டையை இருவருக்குத் தட்ட முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். வெளிநாட்டு அட்டைக்கு நாள் ஒன்றுக்கு 60 சிங்கப்பூர் காசு கூடுதல். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். மலேசியாவில் பெரிய பாட்டிலாக வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.

பணத்தில் மூன்று காரியம். ஒன்று, இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்தே வரும். வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். இரண்டு, சாதாரண கிரெடிட் கார்டில் பரிமாற்றக் கூலியாக 3.5 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கிறார்கள். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோ, பரிமாற்றக் கூலி இல்லாத அட்டையோ ஆளுக்கு ஒன்று எடுங்கள். மூன்று, கடை இயந்திரமோ ஏ.டி.எம்.மோ 'ரூபாயில் கட்டலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, ரிங்கிட்டிலும் வெள்ளியிலுமே கட்டுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. ஓ.டி.பி. வர வேண்டும் என்பதால் இந்திய சிம்மில் ரோமிங் இருக்கட்டும், டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். இணையத்துக்கு அந்தந்த ஊர் சுற்றுலா சிம்.

கடைசியாக நாத்தனார் மகளின் பட்டியல். கசகசாவை எடுக்கவே கூடாது. அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரின் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைப் பொருளாகவே வைத்திருக்கிறது. சமையலுக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. மாவடுவும் மிளகாய்ப்பொடியும் கைப்பையில் திருச்சிப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது, கொப்பரையும் அப்படித்தான். கணவருக்கு வெற்றிலைப் பழக்கம் இருந்தால் பாக்குவெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும், புகையிலையையும். மெல்லும் புகையிலை, சூயிங் கம், மின்சிகரெட் மூன்றும் சிங்கப்பூரில் தடை. சாதாரண சிகரெட்டுக்கும் அங்கே வரிச்சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். இறைச்சி சேர்ந்த பண்டம் எதுவும் வேண்டாம்.

கைமுறுக்கு போகலாம். எவர்சில்வர் சம்புடம் வேண்டாம், அதுவே முந்நூறு கிராம். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, இடுக்கில் காகிதம் செருகி, பையில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். அதுவும் 10 நாளில் கடைசியில்தான் அவள் கைக்குப் போகிறது, பஸ்ஸிலும் படகிலும் அலைந்து பாதி நொறுங்கியிருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். மாவடுவும் மிளகாய்ப்பொடியும் அவளுக்கு அங்கே சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும். இந்த வாரமே போன் செய்து பேசுங்கள். கிளம்பும் நாளன்று வீட்டுக்கு வந்து பையில் திணிக்கிற பொட்டலத்தைத் தடுப்பது ரொம்பக் கஷ்டம்.